நான் பிடுங்கிய வன்னிகள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் என் மகள் என்னை வீட்டைவிட்டுத் துரத்தினாள். துரத்தினாள் என்றால் காலையில் இரண்டு மணி நேரம். அவளுக்கு விமான நிலையத்தில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்து அவள் படுக்கிற நேரத்தில்தான் எனக்குப் பீரோவை நகர்த்திப் பெருக்கத் தோன்றும், குக்கரின் அடிக்கறையைச் சுரண்டத் தோன்றும். முப்பத்து நான்கு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்ற கால். சும்மா இரு என்றால் இருக்குமா? "அம்மா, நீ கொஞ்சம் பாஹர் போயேன், ப்ளீஸ். எனக்கு நீந்த் வேணும், தூங்கணும்," என்றாள். பிறந்து வளர்ந்ததெல்லாம் தில்லி. தமிழில் திட்டக்கூடத் தெரியாத பிள்ளையோடு என்ன சண்டை போடுவது? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அப்படிப் போய்ச் சேர்ந்த இடம்தான் எங்கள் சொசைட்டியின் பின்சுவருக்கு அப்பால் இருந்த குட்டை. எங்கள் பக்கத்தில் ஊருணி என்போம், இங்கே ஜோஹட். துவாரகாவில் இந்த அடுக்குமாடிகள் வருவதற்கு முன் பக்கத்துக் கிராமத்து எருமைகள் தண்ணீர் குடித்த இடம். கிராமம் இன்னும் இருக்கிறது, இரண்டு செக்டர்களுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு. குட்டைதான் போய்விட்டது. இடித்த சுவர்களின் மல்பாவை, செங்கல்லும் காரையுமாக, லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். கொட்டாத இடத்தில் முள் மண்டிக் கிடந்தது. சொசைட்டியில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, அலுவலகம் அலுவலகமாக அலைந்து, அதைச் சுத்தம் செய்ய எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தார்கள்.

தலைவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். எல்லோரும் புரொஃபசர் சாப் என்பார்கள். நல்ல மனிதர். ஆனால் பாதி வேலை மண்ணைத் தோண்டுவது, மீதிப் பாதி மண்ணைக் கும்பிடுவது என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்ததும் ஆளுக்கொரு மரத்தடியில் கால் மணி நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும். மரம் நம்மோடு பேசுமாம். நான் வேதக்காரி. சாயங்காலம் சர்ச் பூசையில் முழங்கால் போடுவது போதாதென்று காலையில் வேப்பமரத்திடமும் போட வேண்டுமா என்று நினைத்துக்கொள்வேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மற்றவர்களின் ஷூக்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் அந்த முள் இருக்கிறதே, அதைப் பார்த்ததும் முதல் நாளே எனக்குக் கை பரபரத்தது. இங்கே விலாயத்தி கீக்கர் என்கிறார்கள். நமக்குச் சீமைக்கருவேலம். இராமநாதபுரத்துக்காரிக்கு அதை யார் வந்து காட்டித்தர வேண்டும்? அப்பா பட்டாளத்தில் இருந்த வருடங்களில் எங்கள் இரண்டு ஏக்கரையும் அது தின்றுவிட்டது. பென்ஷனோடு திரும்பி வந்தவர் எல்லைக்கல்லைத் தேடி மூன்று நாள் அரிவாளோடு அலைந்தார். எங்கள் அடுப்பு எரிந்ததும், கரிமூட்டம் போட்டு ஊர் பிழைத்ததும் அதே மரத்தால்தான். இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் ஆகாத மாமியார் சோறு போட்டால் அன்பு வந்துவிடுமா?

பெரிய மரங்களை வெட்டக் கூலியாட்கள் வந்தார்கள். கன்றுகளைப் பிடுங்குவது எங்கள் வேலை. ஒரு மழை பெய்தால் போதும், நூறு நூறாக முளைத்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே தண்டின் அடியைப் பிடித்து, லேசாகத் திருகி, நிதானமாக இழுக்க வேண்டும். வேர் பாதியில் அறுந்தால் மிச்சத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். மற்றவர்கள் பத்து இழுத்தால் எட்டு அறுந்துபோகும். நான் இழுத்தால் எலிவால் மாதிரி நுனிவரை வரும். எனக்குக் கீக்கர்வாலி ஆன்ட்டி என்று பெயர் வைத்தார்கள்.

சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்? வேலையை விட்ட பிறகு மாத்திரை போடாமல் தூங்கியது அப்போதுதான். மல்பாவை அள்ளி, தூர் எடுத்த முதல் வருடமே மழைத் தண்ணீர் முழங்கால் அளவுக்கு நின்றது. ஒரு நாள் காலை அதில் ஒரு முக்குளிப்பான் வந்திருந்தது. கோழிக்குஞ்சு அளவுப் பறவை. முங்குவதும் நாலடி தள்ளி எழுவதுமாக இருந்தது. தலைக்கு மேலே விமானங்கள் தாழ இறங்கிக்கொண்டிருந்தன, அது பாட்டுக்கு முங்கிக்கொண்டிருந்தது. ஆத்தாடி, அறுபது வயதில் ஒரு பறவையை அரை மணி நேரம் நின்று பார்த்தேன். புரொஃபசர் சாப் சொல்வதில் கொஞ்சம் விஷயம் இருக்கும்போல என்று தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை.

பெஹன்ஜி எனக்குப் பழக்கமானது அங்கேதான். கிராமத்துப் பெண்மணி, என்னைவிட மூன்று வயது மூப்பு. எங்கள் சொசைட்டி நிற்கும் நிலம் ஒரு காலத்தில் அவர் மாமனாரின் கோதுமை வயல். ஒரே ஒரு முறை அதைச் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை. எங்கள் குழுவில் சேர்ந்தார் என்றும் சொல்ல முடியாது, சேரவில்லை என்றும் சொல்ல முடியாது. கரை சரியாமல் மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்ற மூஞ்ச் புல்லை, அது நம் நாணல் மாதிரி ஆளுயரம் வளரும், அவர்தான் பருவம் பார்த்து அறுப்பார். அடியைத் தொடாமல் அறுப்பார். அறுத்ததில் கூடை பின்னுவார்.

மெல்லிய தண்டுகளை விரல் பருமனுக்குக் கொத்தாக்கி, வட்டமாகச் சுருட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு சுற்றையும் கீழ்ச் சுற்றோடு நாரால் தைக்க வேண்டும். கோணூசிதான் ஆயுதம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் ஊசியை என் கையில் கொடுத்துவிட்டார். வாழ்நாளெல்லாம் ஊசியில் நூல் கோத்து டாக்டர் கையில் வைத்தவள் நான். தைத்தவர்கள் அவர்கள். மனித உடம்பில் ஆயிரம் தையல் பார்த்திருக்கிறேன், என் கையால் போட்ட முதல் தையல் அந்தக் கூடையில்தான். ஒரு பக்கம் வீங்கி ஒரு பக்கம் சப்பி வந்தது. இதில் வெங்காயம்கூட ஒழுங்காக உட்காராது என்று சிரித்தார். என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார், நர்ஸ் என்பதால்.

கூடையின் அடியை மட்டும் அவரே தொடங்கித் தருவார். அந்த முதல் முடிச்சு எனக்கு வரவில்லை. அவரும் சொல்லித்தர அவசரப்படவில்லை. அடி அவருடையது, சுவர் என்னுடையது என்று ஒரு வருடத்தில் பதினோரு கூடை ஆயிற்று. அவருடைய ஹரியான்விக்கும் என்னுடைய மருத்துவமனை ஹிந்திக்கும் சில சமயம் ஒத்துப்போகாது. பாதிப் பேச்சைக் கையால் முடித்துக்கொள்வோம். மகளிடம் நான் சொல்லாத விஷயங்களைக்கூட அந்த வேப்பமரத்தடியில் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

தினமும் வந்ததும் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வடக்குக் கரைப் பக்கம் போவார். ஐந்து நிமிடத்தில் காலிச் சொம்போடு வருவார். சூரியனைக் கும்பிடுகிறார் போலும், அவரவர் சாமி அவரவருக்கு என்று நானும் கேட்டதில்லை.

அடுத்த ஜூலையில் அவர் மகளுக்கு ரோத்தக்கில் பிரசவம். ஆறு வாரம் அங்கே இருக்க வேண்டும். கிளம்புகிற அன்று என்னிடம் வந்து, வடக்குக் கரையைக் கொஞ்சம் பார்த்துக்கொள் சிஸ்டர் என்றார். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். அதைவிட்டு, நீங்கள் போய்க் குழந்தையைப் பாருங்கள், கரையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய மனுஷி மாதிரிச் சொன்னேன்.

பார்த்துக்கொண்டேன். லட்சணமாகப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு நாள் மழை விட்ட ஒரு காலை. வடக்குக் கரை மேட்டில் புல்லை விலக்கினால் சாண் உயரத்துக்குக் கன்றுகள். பொடி இலை, முள். அடப்பாவி, பெஹன்ஜி கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு இங்கே வளர்ந்து நிற்கிறாயா என்று உட்கார்ந்தேன். கன்றுகள் வரிசையாக இருந்தன. அதையாவது யோசித்திருக்கலாம். முள்ளும் வேறு மாதிரி இருந்தது. சீமைக்கருவேலத்துக்குக் கணுவுக்குக் கணு இரண்டிரண்டாக வரும். இதில் தண்டெல்லாம் சிதறிக் கிடந்தது. கண் அதைப் பார்த்தது. இளசுதானே, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று புத்தி சமாதானம் சொன்னது. மருந்துக் குப்பியின் பெயரை எடுக்கும்போது ஒருமுறை, உடைக்கும்முன் ஒருமுறை, திரும்ப வைக்கும்போது ஒருமுறை என்று மூன்று முறை படிக்காமல் ஒரு சொட்டு மருந்து ஏற்றியவளில்லை நான். அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ.

வேர் சரியான ஆழம். சாண் கன்றுக்கு இரண்டு முழ வேர். ஒவ்வொன்றையும் சுற்றிக் கம்பியால் மண்ணை இளக்கி, நுனி அறாமல் எடுத்தேன். முப்பத்தொரு கன்று. காலை முழுக்க ஆயிற்று. தப்பித் தவறியும் பிழைத்துவிடக் கூடாதென்று வேர்ப்பக்கம் மேலே இருக்கும்படி வெயிலில் பரப்பினேன். போட்டோ எடுத்து ஊரில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன். "சபாஷ்க்கா, டெல்லிக்குப் போயும் கருவைய விடமாட்டேங்குறியே" என்று பதில் போட்டான். அவனும் இராமநாதபுரத்துக்காரன்தானே. அன்று மத்தியானம் இரண்டு கரண்டி சோறு கூடுதலாக இறங்கியது.

ஆகஸ்ட் கடைசியில் பெஹன்ஜி வந்தார். பேத்தி பிறந்திருந்தாள். நெய் லட்டு ஒரு டப்பா எனக்கென்று தனியாகக் கொண்டுவந்திருந்தார். நான் ஒன்றைத் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வா, உனக்கு ஒன்று காட்ட வேண்டும், இதுவரைக்கும் யாருக்கும் காட்டவில்லை என்று என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

நடந்துகொண்டே சொன்னார். கிராமத்து எல்லையில் ஒரு ஜாண்டி மரம் இருந்ததாம். அவர்கள் வீட்டில் எந்த ஆண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றாலும் குதிரையேறிக் கிளம்பும் முன் மாப்பிள்ளை அந்த மரத்துக்குப் பூசை செய்து, வாளால் ஒரு சிறு கிளையைத் தொட்டு வெட்ட வேண்டும். மாமனார் வெட்டியது அதில், புருஷன் வெட்டியது அதில், மூத்த மகன் வெட்டியது அதில். போன வருடம் மே மாதத்து ஆந்தி, அந்தப் புழுதிப் புயல், அந்த மரத்தை வேரோடு சாய்த்துவிட்டது. அறுத்து எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். விழுந்த மரத்தில் காய் இருந்தது. அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து முதல் மழையில் இங்கே ஊன்றினேன், கண் பட்டுவிடுமோ என்று யாரிடமும் சொல்லவில்லை, ஒரு மழை, ஒரு குளிர், ஒரு கோடை தாண்டிவிட்டது, இனிமேல் பயமில்லை, முதலில் உனக்குத்தான் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன் என்றார்.

அவர் வடக்குக் கரைப் பக்கம் திரும்பியபோதே என் கையை உருவிக்கொண்டேன். மேட்டில் புல்லைத் தவிர ஒன்றுமில்லை. பெஹன்ஜி குனிந்து புல்லை விலக்கினார். கொஞ்சம் தள்ளிப் போய் விலக்கினார். அப்புறம் உட்கார்ந்து, நான் இளக்கிய குழிகளில் மழை நிரப்பியிருந்த மண்ணை விரலால் அழுத்திப் பார்த்தார். கடைசியில், ஆடு என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. வாய்க்குள் லட்டு இனிப்பு இன்னும் இருந்தது. பயந்துவிட்டேன், வேறென்ன சொல்ல?

குட்டைக்கு ஆடு ஓட்டி வருகிறவர் ஒருவர்தான். ஐம்பது வயது இருக்கும், சாலைக்கு அந்தப் பக்கம் குடிசை. மறுநாள் பெஹன்ஜி அவரை நிற்க வைத்துக் கேட்ட கேள்வியில் சொசைட்டிக் காவலாளிகூடத் தலையைக் குனிந்துகொண்டார். என் ஆடு இந்தக் கரைக்கு ஏறவே இல்லை என்று அந்த மனிதர் தன் ஆட்டுக்குட்டியின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை. இனி உள்ளே விடக்கூடாது என்று குட்டைக்குப் போகும் கேட்டைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு, கார்கள் பறக்கிற பெரிய சாலையோரமாகச் சுற்றிக்கொண்டு போவதை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன்.

வீட்டில் மகளை ஜாண்டி என்றால் என்ன மரம் என்று போனில் தேடச் சொன்னேன். தேடினாள். படத்துக்குக் கீழே பல மொழியில் பெயர் இருந்தது. "இதுல தமிழ் பி ஹை, நீயே படிச்சுக்கோ," என்று போனை என்னிடம் நீட்டினாள். வன்னி என்று போட்டிருந்தது. என்னோடு வேலை பார்த்த விருத்தாசலத்துக்காரி பர்ஸுக்குள் வன்னி இலை வைத்திருப்பாள். அவள் ஊர்க் கோயிலில் அந்த மரத்தைச் சுற்றிக் கும்பிடுவார்களாம். நான் எந்தக் கோயிலுக்குள் போனேன், எந்த மரத்தைச் சுற்றினேன்? சீமைக்கருவேலத்தைத் தெரிந்த அளவுக்கு அதன் சொந்தக்கார மரத்தை எனக்குத் தெரியவில்லை. வன்னி பிடுங்கினாலும் வெட்டினாலும் வேர் கொஞ்சம் தங்கியிருந்தால் துளிர்க்கும் என்று அதிலேயே எழுதியிருந்தது. நான்தான் நுனிகூட விடவில்லையே. கைநேர்த்தி இல்லாத வேறு எவளாவது பிடுங்கியிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தெரியாமல் செடியைப் பிடுங்கியது பாவமில்லை என்று சாமியார் சொல்லி, ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாமி, இன்னொரு ஆள் மேல் பழி விழும்போது பார்த்துக்கொண்டு நின்றேன் என்றேன். அப்படியென்றால் என்னிடம் ஏன் சொல்கிறாய், அங்கே போய்ச் சொல் என்றார். எட்டு நாளாக எனக்குத் தெரிந்ததைத்தான் அவரும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை வேப்பமரத்தடியில் பெஹன்ஜி அடுத்த கூடைக்கு அடி போட்டுக்கொண்டிருந்தார். எனக்காகத்தான். நின்றபடியே சொன்னேன். ஆடு இல்லை, நான்தான். கீக்கர் என்று நினைத்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். அன்றைக்கே சொல்லவில்லை, பயம்.

அவர் கையில் நார் அப்படியே நின்றது.

"நானேதான் கரைய உன்னப் பாத்துக்கச் சொன்னேன்," என்றார்.

அவ்வளவுதான். ஊசியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். பதிலுக்கு நாலு வார்த்தை எனக்கும் பேசத் தெரியும்.

ஆட்டுக்காரரிடமும் போய்க் கும்பிட்டுச் சொன்னேன். அச்சா என்றார். கேட்டைத் திறந்துவிட்டார்களா என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் சொன்னேன். இயற்கை எல்லாவற்றையும் மன்னிக்கும் என்று புரொஃபசர் சாப் ஆரம்பித்தார். இயற்கை மன்னித்துவிட்டுப் போகட்டும் சார், பெஹன்ஜி மன்னிக்க வேண்டுமே என்று கத்திவிட்டேன். பாவம் அந்த மனிதர். மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்தோம். நானும் மூடினேன். மரம் ஒன்றும் பேசவில்லை. ஆனால் கால் மணி நேரம் என்னோடு நானே இருந்தது அன்றுதான். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் உட்கார்கிறேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க பெஹன்ஜி நான் இல்லாத நேரம் பார்த்து வந்து புல் அறுத்துக்கொண்டு போனார். புகைமூட்டத்தில் எதிரே வருவது யாரென்று தெரியாத காலைகளில் சில தடவை கிட்டத்தில் கடந்து போனோம். நமஸ்தே என்பேன். தலையை அசைப்பார். ஒரு நர்சரியில் தேடி இரண்டு வன்னிக் கன்று வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். உட்கார வைத்து டீ கொடுத்தார். நல்ல மரம்தான், எங்கள் மரம் இல்லை என்று கன்றுகளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவற்றைக் குட்டையின் கிழக்கே நட்டோம்.

கூடைக்கு அடி போட்டுத் தர ஆள் இல்லை. பழைய கூடை ஒன்றை வெளிச் சுற்றிலிருந்து உள்ளே பிரித்துக்கொண்டே போய், கடைசி முடிச்சு எப்படிப் போட்டிருக்கிறது என்று பார்த்தேன். பிரிப்பதற்கு மூன்று நாள், கற்றுக்கொள்ள இரண்டு வாரம். என் முடிச்சு அவர் முடிச்சு மாதிரி இறுக்கமாக வரவில்லை. வந்த அளவுக்குப் பின்னினேன். மகள் ஒன்றை எடுத்துத் தன் ஷிஃப்ட் பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். சந்தோஷம்தான், ஆனால் அதைச் சொல்ல வேண்டிய ஆள் வேறு.

பிப்ரவரியில் பெஹன்ஜியின் சின்ன மகனுக்குக் கல்யாணம். சொசைட்டியில் குழு முழுவதையும் அழைத்திருந்தார். அதில் நானும் அடக்கம். வாசலில் குதிரை நின்றது. பக்கத்தில் ஒரு இரும்பு வாளியில் மணலைக் கொட்டி, எங்கிருந்தோ வெட்டிக்கொண்டு வந்த ஜாண்டிக் கிளை ஒன்றை நட்டு வைத்திருந்தார்கள். இலை வாடியிருந்தது. பையன் வாளால் அதைத் தொட்டதும் கிளை ஒரு பக்கம் சாய்ந்தது. யாரோ செங்கல்லை முட்டுக்கொடுத்தார்கள். பேண்டு வாசித்தார்கள், எல்லோரும் ஆடினார்கள். யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. பெஹன்ஜி மட்டும் அந்த வாளியைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். சாப்பிடாமல் வந்துவிடலாம் என்று நினைத்தேன். அவமரியாதை ஆகிவிடும் என்று உட்கார்ந்து சாப்பிட்டேன். அவரே வந்து என் தட்டில் இன்னொரு பூரி வைத்துவிட்டுப் போனார்.

இந்த வருட ஜூலையில் முதல் மழை ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பெய்து ஆறு மணிக்கு விட்டது. ஆறரைக்கு எங்கள் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் பெஹன்ஜி, சேலை முழங்கால்வரை நனைந்து. கையில் ஒரு பழைய பால்பவுடர் டின். உள்ளே வாருங்கள் என்றேன். வரமாட்டேன், செருப்பைப் போடு என்றார்.

குட்டைவரைக்கும் நடந்தோம். வடக்குக் கரை மேட்டில் ஏறியதும் டின்னைத் திறந்தார். உள்ளே சாம்பல். விரலை விட்டுத் துழாவி, பழுப்பு விதைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். விழுந்த மரத்தின் காய்தான். பாதியை ஊன்றிவிட்டுப் பாதியைப் பத்திரம் பண்ணியிருக்கிறார். இதுதான் மிச்சம், இதற்கு மேல் கிடையாது என்றார். பதினெட்டு இருந்தது.

பெஹன்ஜி, என் கையில் வேண்டாம், நீங்களே ஊன்றுங்கள், நான் தூர நின்றுகொள்கிறேன் என்றேன்.

"ஊன்றதுக்கு என் கை போதும். மரமாக இருபது வருஷம் ஆகும், அதுவரைக்கும் நான் இருப்பனா? எம்மகனுக்குக் கீக்கருக்கும் ஜாண்டிக்கும் வித்தியாசம் தெரியாது. உங்க புரொஃபசருக்கும் தெரியாது. இந்தத் தில்லில இத இனிமே தெரியாமப் பிடுங்காத ஆள் நீ ஒருத்திதான், சிஸ்டர்."

ஒரு வருடமாக நான் பயந்த பயமெல்லாம் கண்ணால் வழிந்தது. விதைகள் நனைந்துவிடுமோ என்று கையை மூடிக்கொண்டேன். அவர் என் முதுகில் கைவைத்து மேட்டில் உட்கார வைத்தார்.

"அழறத அப்பறம் அழு. ஈரம் காயறதுக்குள்ள ஊன்று."